நாகப்பட்டணத்துலேர்ந்து போன தாலி

எங்க பெரியக்கா வீட்டுச் செவலப் பசு தண்டவாளத்துல படுத்துக்கிட்டு பாசஞ்சர் வண்டிய நிறுத்தி வெச்சுச்சே, அது உங்கள்ல எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கோ தெரியல. டிரைவரு எறங்கி வந்து கும்புட்டுப் பாத்தாரு. கார்டு கொடிக் கம்பால தட்டிப் பாத்தாரு. கடைசியில எங்க அத்தான் வந்து பேரு சொல்லிக் கூப்புட்டப்பறந்தான் எந்திரிச்சுச்சு. அதுக்கு அடுத்த வருசம் ஆவணியிலதான் நான் மலாக்காவுக்குப் போனது. மலாயாவுல வெள்ளக்காரன் கொடிய எறக்கிப் பத்துப் பதினஞ்சு நாளு இருக்கும். படிச்சவங்க வருசத்தச் சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பசுதான் காலண்டரு.

அப்ப நான் நாகப்பட்டணத்துலேர்ந்து சிங்கப்பூர் போற கப்பல்ல பண்டாரிக்கு எடுபிடி. பண்டாரின்னா கப்பல் சமையக்காரரு. வெங்காயம் உரிக்கறதும் அண்டா கழுவறதும்தான் நம்ம உத்யோகம். ஊர்ல கேட்டா மட்டும் "கப்பல்ல இருக்கேன்"ம்பேன், என்னமோ நானே ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி.

மொத மொதல்ல சிங்கப்பூர் போய்ச் சேந்த அன்னிக்கு மேல்தட்டுல நின்னு வேடிக்க பாத்துக்கிட்டிருந்தேன். கீழ கரையில ஒரு மலாய்க்காரரு என்னயப் பாத்து "தாலி! தாலி!"ன்னு கத்துறாரு. எனக்கு அப்ப கல்யாணமே ஆகல. கல்யாணம் ஆகாதவன்கிட்டப் போயி தாலியக் கேக்குறாரேன்னு வெக்கப்பட்டுக்கிட்டுச் சிரிச்சேன். அவரு இன்னும் சத்தமா "தாலி!"ங்கறாரு. நான் இன்னும் நல்லாச் சிரிக்கறேன். அதுக்குள்ள என் காலடியில கெடந்த வடக்கயிறு சரசரன்னு ஓடிப்போயி தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. மலாய்ப் பேச்சுல தாலின்னா கயிறாம். கயித்தப் புடிடா மடையான்னுதான் அந்த மனுசன் கத்தியிருக்காரு. அதுக்கப்பறம் ஒரு மாசம் கப்பல் பூரா என்னய "மாப்ள"ன்னுதான் கூப்புட்டாங்க.

அன்னிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமே இந்தச் சீமையில எவன் வாயிலேர்ந்து தாலின்னு வந்தாலும் அது கயிறுதான். படிக்காதவன் ஒரு வார்த்தையக் கத்துக்கிட்டா குரங்குப்பிடியா புடிச்சுக்குவான். அப்படித்தான் நான் புடிச்சேன்.

அந்தத் துறைமுகத்துலதான் சலம் எனக்குச் சிநேகிதமானான். முழுப்பேரு அருணாசலம். கிடங்குல மூட்டை எண்ணி எழுதற வேலை. சொந்த ஊரு மலாக்காவுல காஜா பெராங். கோவம் வந்த யானைன்னு அர்த்தமாம். நெத்தியில திருநூறு, பேரு அருணாசலம், ஆனா வாயத் தொறந்தா மலாய். எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பறந்தான் தெரிஞ்சுச்சு, அவங்க சிட்டிங்கற சனம். பல தலமொறைக்கு முன்னாடி நம்ம கரையிலேர்ந்து யாவாரத்துக்குப் போனவங்க, அங்கயே பொண்ணு கட்டி அங்கயே நின்னுட்டாங்க. சாமி நம்ம சாமி, பேச்சு அந்த ஊருப் பேச்சு. நடுநடுவுல நம்ம வார்த்த ஒண்ணு ரெண்டு தலையக் காட்டும். என்னய அண்ணேன்னுதான் கூப்புடுவான், அது அவன் வாயில "ஆனே"ன்னு வரும். யான ஊர்க்காரன் யானையக் கூப்புடற மாதிரியே இருக்கும்.

இனிமே அவங்க பேசுனதெல்லாம் நான் தமிழ்லயே சொல்லிக்கிட்டுப் போறேன். அன்னிக்கு எனக்கு நேரா புரிஞ்சது கால்வாசி. மீதிய அவங்க கையக் கால ஆட்டிப் புரிய வெச்சாங்க.

ஒரு நடையில கப்பல் கிளம்பறப்ப சலம் ஓடியாந்தான். "ஆனே, அடுத்த தடவ நாகப்பட்டணத்துலேர்ந்து ஒரு தாலி கொண்டாங்க. மாக் கேக்குது. ஆயுசுக்கும் அறுந்து போகக் கூடாது." மாக்குன்னா அவங்க அம்மா. இன்னும் நாலஞ்சு வார்த்த சொன்னான். அதுல தங்கச்சியும் இருந்துச்சாம், கல்யாணமும் இருந்துச்சாம். எனக்குப் புடிபட்டது அம்மா, தாலி, நாகப்பட்டணம், அறுந்து போகக் கூடாது. அம்புட்டுதான். எனக்கா தெரியாது தாலின்னா என்னான்னு!

ஊருக்கு வந்து கயிறு திரிக்கறவரு தலமாட்டுலயே நின்னேன். தேங்கா நாருல மூணு புரி முறுக்கி, இருபது பாகம். ரெண்டு கையயும் விரிச்சு அளந்தா ஒரு பாகம். "தோணிக்கா, மாட்டுக்கா?"ன்னாரு. "ஒரு அம்மாவுக்கு"ன்னேன். "அம்மாவுக்கு என்னாத்துக்குய்யா இருபது பாகம்?" அவருக்குத் தோணுனது எனக்குத் தோணல பாருங்க.

அந்த நடையில கப்பல்ல இயந்திரம் மக்கர் பண்ணி, சிங்கப்பூர்லயே நாலு நாளு கெடக்கும்னுட்டாங்க. பண்டாரிகிட்டச் சொல்லிட்டு நான் மலாக்கா போயி எறங்குனேன். சலம் லீவு போட்டுட்டு முன்னாடியே ஊருக்குப் போயிருந்தான், நான் வர்றேன்னு கிடங்குலேர்ந்து அவனுக்குத் தந்தி போயிருந்துச்சு. பஸ் நிக்கற எடத்துல வந்து நின்னு, மொத வார்த்தையா, "ஆனே, தாலி இருக்கா?"

"இருக்கு!"ன்னு தோள்ல கெடந்த சாக்குமூட்டையத் தட்டிக் காட்டுனேன். கயித்தச் சுருட்டிச் சாக்குக்குள்ள திணிச்சிருந்தேன். மூட்டைக்குள்ள எங்கயோ பத்தரமா இருக்குதுன்னு அவன் நெனச்சுக்கிட்டான். ரெண்டு பேருக்கும் பரம சந்தோசம்.

மூணு சக்கர மிதிவண்டி ஒண்ணுல ஏறுனோம். நம்ம ஊரு ரிக்சாவுல இழுக்கறவன் முதுகப் பாத்துக்கிட்டுப் போவோம். அங்க மிதிக்கறவரு பக்கத்துல உக்காந்திருக்காரு. பெரிய மனுசன் பக்கத்துல உக்காந்து ஊர்வலம் போற மாதிரி எனக்கு ஒரு நெனப்பு. தெருவெல்லாம் காகிதக் கொடி. ரெண்டு பக்கமும் ஆளுங்க "மெர்டேக்கா!"ன்னு கையத் தூக்குறாங்க. விடுதலைன்னு அர்த்தம். நானும் தூக்குனேன். நம்ம நாட்டுக்குச் சொதந்தரம் வந்த அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்துத் தூங்கிட்டேன். விட்டத இங்க புடிச்சுக்கிட்டேன்னு வெச்சுக்கங்க.

கையத் தூக்குனனா, மூட்ட சாஞ்சுருச்சு. வெளிய நீட்டிக்கிட்டிருந்த கயித்து நுனி போயி சக்கரத்துல சுத்திக்கிச்சு. வண்டி கொடசாஞ்சு நான் ரோட்டுல, என் மேல மூட்ட, மூட்ட மேல சலம். வண்டிக்காரரு "தாலி! தாலி!"ன்னு கத்துறாரு. எனக்கு வலியிலயும் ஒரு பெரும. பாத்தியா, சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கோம்.

காஜா பெராங்குல அவங்க தெரு முச்சூடும் தென்னங்குருத்துத் தோரணம். இதுவும் மெர்டேக்காவுக்குத்தான்னு நெனச்சேன். வீட்டு வாசல்ல பத்துப் பன்னண்டு பொம்பளைங்க. நெத்தியில குங்குமம், இடுப்புல கைலி, மேல பூப்போட்ட மலாய்ச் சட்ட. நடுவுல குள்ளமா, செவத்தாப்புல ஒரு அம்மா. "சலம்!"னு சொன்னாங்க. எனக்குத்தான் சலாம் சொல்றாங்கன்னு நான் நெத்தியில கைய வெச்சுக் குனிஞ்சேன். அவங்க மகனக் கூப்புட்டிருக்காங்க.

உள்ள உக்கார வெச்சு மொதல்ல சோறு. தேங்காப்பால்ல வெந்த சோறு, பொரிச்ச நெத்திலி, மொளகா அரச்ச சாந்து. அந்தச் சாந்துல கூனி எறாலப் போட்டு இடிச்சிருப்பாங்க போல, எங்க ஊரு கருவாட்டுக் கொட்டாய் வாசன அப்படியே வந்துச்சு. மூணு தடவ வாங்கித் தின்னேன். நாலாவது தடவயும் தின்னிருப்பேன். அதுக்குள்ள மாக் ஒரு பித்தளத் தாம்பாளத்த எடுத்துக்கிட்டு வந்து எம் முன்னாடி நின்னாங்க. அதுல வெத்தல, பாக்கு, மஞ்ச, பூவு. பின்னாடி அத்தன பொம்பளைங்களும் எட்டிப் பாக்குறாங்க. ஒரு ஓரமா தல குனிஞ்சு ஒரு பொண்ணு. சலத்தோட தங்கச்சி லெச்சுமி.

"தாலி"ன்னாங்க மாக், ரெண்டு கையாலயும் தாம்பாளத்த நீட்டி.

இந்த ஊர்ல கயித்துக்கு இம்புட்டு மரியாதயான்னு எனக்கு ஆச்சரியம். மூட்டையப் பிரிச்சு, இருபது பாகத்தயும் ரெண்டு கையால தூக்கி, பூவு மேல வெச்சேன். கனம் தாங்காம தாம்பாளம் டங்குன்னு தரையில விழுந்துச்சு. "அறுந்தே போகாது"ன்னேன்.

ஒரு தடிச்ச அம்மா வாயில தோள்துணிய வெச்சுக்கிட்டுக் குலுங்குறாங்க. சலம் மொகத்துல ரத்தமே இல்ல. அவன் தங்கச்சியக் காட்டுறான், அவ கழுத்தக் காட்டுறான், மூணு முடிச்சுப் போடற மாதிரி வெரலால காத்துல முடியறான். அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. தெருவுல பாத்த தோரணம் மெர்டேக்காவுக்கு இல்ல. மக்யா நாளு காலையில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். நான் அவ கழுத்துக்கு வடக்கயிறு கொண்டாந்திருக்கேன்.

மாக் கோவப்படல. கோவப்பட்டிருந்தாத் தேவல. மெதுவா சொன்னாங்க, சலம் கையாட்டிப் புரிய வெச்சான்: "எங்க ஆளுங்க தமிழ்ல எல்லாத்தயும் தொலச்சுட்டோம். தாலிங்கற வார்த்தய மட்டும் விடல. நீ எல்லாத்தயும் வெச்சுக்கிட்டு அந்த ஒண்ண மட்டும் தொலச்சுட்டு வந்திருக்கியே."



"வாங்க ஆனே"ன்னு சலம் என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்தான். இப்படித்தான் நான் மலாக்காவச் சுத்திப் பாத்தது. ஊரு பாக்கப் போனவன் இல்ல, தாலி தேடி ஓடுனவன்.

டவுனுக்குள்ள ஆசாரிங்க தெரு ஒண்ணு இருக்கு. அந்த ஒரே தெருவுல நம்ம பிள்ளையார் கோயிலு, கொஞ்சம் தள்ளி பள்ளிவாசல், அதுக்குப் பக்கத்துல சீனன் கோயிலு. எனக்கு இருந்த பயத்துல மூணுக்கும் கும்புடு போட்டேன். பிள்ளையார் கோயில்ல கழட்டுன செருப்ப மறந்து, சீனன் கோயில் வாசல்ல போயித் தேடுனேன். மொத நகைக்கட ஒரு சீனருது. சங்கிலி இருக்கு, மோதரம் இருக்கு, தாலி இல்ல. ரெண்டாவது கட பூட்டிக் கெடந்துச்சு. மூணாவது, ஒரு சந்துக்குள்ள, ஒத்தக் கதவு. உள்ள சட்டையில்லாம ஒரு பெரியவரு ஊதுகொழல வெச்சு ஊதிக்கிட்டிருக்காரு.

"யாரப்பா அது, வெளிச்சத்த மறைக்கறது?"ன்னாரு. தமிழ்! எனக்கு அழுகயே வந்துருச்சு. காலயிலேர்ந்து ஊமையாக் கெடந்தவன் கடகடன்னு எல்லாத்தயும் கொட்டிப்புட்டேன். அவரு ஊதுகொழலக் கீழ வெச்சுட்டாரு.

"கயிறா?"

"கயிறுதாங்க."

"எத்தன பாகம்?"

"இருபது."

அந்த மனுசன் சிரிச்ச சிரிப்புல எதிர்ல நெருப்புப் போட்டிருந்த உமிச்சட்டியிலேர்ந்து சாம்பல் பறந்து எம் மூஞ்சியெல்லாம் அப்பிக்கிச்சு. தொடச்சுக்கிட்டே, "சாயங்காலத்துக்குள்ள ஒரு பொட்டுத்தாலி தட்டித் தர்றேன், போ"ன்னாரு.

எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா சலம் தலைய ஆட்டுறான். அவரும் அவனும் மலாயில கொஞ்ச நேரம் பேசுனாங்க. அவரு மொகத்துல சிரிப்பு போயிருச்சு.

"யோவ், உனக்கு வெவரம் தெரியுமா?"ன்னாரு என்னப் பாத்து. "இவன் அப்பாரு உசுரோட இருந்த வரைக்கும், நம்ம பூர்வீகம் நாகப்பட்டணம், ஒரு நாளு கூட்டிட்டுப் போறேன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தாராம். போகாமலே போய்ச் சேந்துட்டாரு. பொங்கலுக்கு முந்தின நாளு இவங்க செத்தவங்களுக்கு எல போட்டுச் சோறு வெச்சு, கதவச் சாத்திட்டு வெளிய நிப்பாங்க. வருசா வருசம் அந்த அம்மா கதவுகிட்ட நின்னு, இந்த வருசமும் போகலன்னு புருசன்கிட்டச் சொல்லுமாம். இந்த வருசம், நாம போகலன்னாலும் பொண்ணு கழுத்துக்கு அங்கேர்ந்து தாலி வருதுன்னு சொல்லிருச்சாம். இங்கத்துத் தங்கம்னா நீ எதுக்குன்னு கேக்குறான்."

நான் கயிறு வாங்குன கத அப்பத்தான் எனக்கே சிரிப்பா இல்லாமப் போச்சு. செத்துப்போன ஒரு மனுசனுக்குக் குடுத்த வாக்க நான்ல சாக்குல கட்டிக் கொண்டாந்து கெடுத்திருக்கேன்.

ஆசாரி என்னயே பாத்துக்கிட்டிருந்தாரு. என்னயன்னா, எங் காத. அந்தக் காலத்துல ஆம்பளைங்க கடுக்கன் போட்டிருப்போம்ல. எனக்குக் காது குத்துனப்ப எங்கம்மா செஞ்சு போட்டது.

"அது எந்த ஊர்ல செஞ்சது?"

"நாகப்பட்டணம், கடத்தெரு"ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள ஐயோ ஏன் சொன்னோம்னு ஆயிருச்சு. சலத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனா அவனும் எங் காதத்தான் பாக்குறான்.

பெரிய தியாகம் பண்ணேன்னு நெனச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் பேச்ச மாத்திப் பாத்தேன். இந்த ஊர்ல மழை எப்படின்னு கேட்டேன். தாலிய நாகப்பட்டணத்துத் தண்ணியில கழுவுனாப் போதாதான்னு கேட்டேன். "தண்ணி கொண்டாந்திருக்கியா?"ன்னாரு. கயிறுதான் கொண்டாந்திருந்தேன்.

கடைசியில உக்காந்தேன். காது குத்துன நாள்லேர்ந்து கழட்டாத கடுக்கன். திருகாணி துருவேறுன பூட்டாட்டம் இறுகிக் கெடக்கு. சோப்புப் போட்டாரு, எண்ண போட்டாரு, அப்பறம் குறட்ட எடுத்தாரு. நான் போட்ட சத்தத்துல சந்துல போன நாலஞ்சு பேரு எட்டிப் பாத்தாங்க. அதுல எங்கள ரோட்டுல தள்ளுன அதே வண்டிக்காரரும் ஒருத்தரு. அவரு வந்து எந் தலைய ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. காலயில நான் அவரு சக்கரத்துக்குப் பண்ணதுக்கு அது சரியாப் போச்சு.

வலக்காது வந்துருச்சு. எடக்காதுக்குக் குறட்டோட வந்தாரு பாருங்க, நான் காதப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு வாசலுக்கே போயிட்டேன். ஒண்ணே போதும்னு ஆசாரி சொன்னதா நான் ஊர்ல ரொம்ப காலம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவரு அப்படிச் சொல்லவே இல்ல. "இத வெச்சு உளுத்தம்பருப்பு அளவுக்குத்தான் வரும்"னுதான் சொன்னாரு.

அவரு தட்டி முடிக்கற வரைக்கும் சலம் எனக்கு ஊரச் சுத்திக் காட்டுனான். காதுல பஞ்ச அடச்சுக்கிட்டு ஒரு பக்கமாத் தலையச் சாச்சுக்கிட்டே நான் பாத்ததுனால, மலாக்கா எனக்கு இன்னிக்கும் கொஞ்சம் சாஞ்சாப்புலதான் ஞாபகத்துல இருக்கு. ஒரு ஆறு, அதுல சேறு. ஆத்தோரமா ரத்தச் செவப்புல பெரிய கட்டடம். ஒல்லாந்துக்காரன் கட்டுனதாம். எங்க ஊர்லயும் ஒல்லாந்துக்காரன் இருந்தான், ஆனா எங்களுக்கு வெறும் கல்லறையத்தான் விட்டுட்டுப் போனான். குன்று மேல கூரையில்லாத ஒரு மாதா கோயிலு. அங்கேர்ந்து கடலப் பாத்தோம். எங்க கடலு கோவக்காரக் கடலு, அலை வந்து அறையும். அங்க என்னமோ கொளம் மாதிரி கெடக்கு. பேருதான் கோவம் வந்த யான, ஊரு பசுமாடு.

எறங்கி வந்து பனிக்கட்டியச் சீவி தேங்காப்பாலு, கருப்பட்டிப் பாகு ஊத்துன ஒண்ணு வாங்கிக் குடுத்தான் சலம். உள்ள பச்சப் பச்சயா புழு மாதிரி கெடந்துச்சு. மாவுல செஞ்சதாம். அதத் திங்கறதுக்கு முன்னாடி அந்தப் பனிக்கட்டியக் காதுல வெச்சுக்கிட்டேன். கடக்காரம்மா சலத்துகிட்ட, "உன் சிநேகிதருக்கு இத எங்க திங்கறதுன்னு தெரியலயா?"ன்னு கேட்டுச்சாம். அவன் அன்னிக்கு மொத தடவயா சிரிச்சான்.

வெளக்கு வெக்கற நேரத்துக்கு வீடு வந்து சேந்தோம். மாக் அதே தாம்பாளத்தோட வந்தாங்க. உளுத்தம்பருப்பு அளவுத் தாலி, அந்தப் பெரிய தாம்பாளத்துல தேட வேண்டியிருந்துச்சு. கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தாங்க. "நாகப்பட்டணம்?"னு கேட்டாங்க. பஞ்ச எடுத்துட்டு ஓட்டக் காதக் காட்டுனேன். அந்தம்மா என்னயப் பாத்தாங்க, தாலியப் பாத்தாங்க. தாலிய எடுத்துக்கிட்டுப் போயி உள்ள புருசன் படத்துக்கு முன்னாடி வெச்சு, ரொம்ப நேரம் என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாங்க. அது எனக்குப் புரியல. சலத்த நான் கேக்கவும் இல்ல. திரும்பி வந்து மஞ்சளும் எண்ணயும் கொழச்சு எங் காதுல தடவி விட்டாங்க. எரிஞ்சுச்சு. கண்ணுல தண்ணி வந்தது அதுனாலதான்.

மக்யா நாளு காலையில பொண்ண நலுங்கு வெச்சுக் குளிப்பாட்டத் தண்ணி எறைக்கறப்ப, கெணத்துக் கயிறு பட்டுன்னு அறுந்து வாளியோட உள்ள போயிருச்சு. எல்லாரும் பதறி நிக்கறாங்க. சலம் என்னயப் பாத்தான். ஓடிப்போயி என் இருபது பாகத்தக் கொண்டாந்து உருளையில கோத்துக் கட்டுனான். வேற வாளியில சுருக்குப் போட்டது நான்தான், மூணு முடிச்சு. மாக் வந்து அந்தக் கயித்துல மஞ்சளத் தடவி, கெணத்துச் சொவத்துல குங்குமம் வெச்சுட்டு, "எங் கெணத்துக்கும் கல்யாணம் ஆயிருச்சு. மாப்ள நாகப்பட்டணம்"னாங்க. மொத நாளு வாயில துணிய வெச்சுக் குலுங்குன தடிச்ச அம்மா இந்தத் தடவ துணிய எடுத்துட்டே சிரிச்சாங்க. லெச்சுமியும் சிரிச்சுச்சு. ஒரு நாழி கழிச்சு அது கழுத்துல எங்கம்மா போட்ட தங்கம் ஏறுச்சு.

கப்பல்ல சும்மா மாப்ளன்னு கூப்புட்டானுங்க. கடைசியில நெசமாவே ஆயிட்டேன்.

அதுக்கப்பறம் நான் மலாக்கா போகவே இல்ல. எடக்காதுல மட்டும் கடுக்கனோட ஊருக்கு வந்தேன், ஒத்தக்கடுக்கன்னு பேரு வெச்சுட்டாங்க. இன்னொண்ணச் சீட்டாட்டத்துல வுட்டுட்டான்னு பேசிக்கிட்டாங்க. எனக்குக் கல்யாணமான புதுசுல எம் பொண்டாட்டி கேட்டா, "அது மலாக்காவுல ஒரு பொண்ணு கழுத்துல இருக்கு"ன்னு உள்ளதச் சொல்லி மூணு நாளு பட்டினி கெடந்தேன்.

அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்லுவேன். ஒத்தக்கடுக்கன் சீட்டாட்டத்துல வுட்டான்னு எவனாச்சும் சொன்னா, நடந்தது இதுன்னு நீங்க எடுத்துச் சொல்லிருங்க. எம் பேரப்புள்ளைங்க கேட்டாலும் சொல்லுங்க, நான் சொன்னா கத அளக்கறேங்குதுங்க. அப்படியே உங்கள்ல யாராச்சும் மலாக்கா பக்கம் போனீங்கன்னா, காஜா பெராங்குல சலம் வீட்டக் கேட்டு, கொல்லப்பக்கம் போயி எட்டிப் பாத்துட்டு வாங்க, எங் கெணறு இன்னும் சுமங்கலியா இருக்கான்னு.